யாரும் குடியிருக்காத திட்டுகள்

தீவு என்றதும் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? நாற்புறமும் நீலக் கடல். நடுவே ஒரு பாறை. அதன்மேல் கூவித் திரியும் பறவைகள். இத்தகைய தீவுகளுக்குப் பெயர் பெற்றது கிரேக்க நாடு. அந்நாட்டின் கடற்பரப்பில் சிறியவையும் பெரியவையுமாக ஏறத்தாழ 6,000 தீவுகள் உள்ளன என்பர். அவற்றுள் மக்கள் குடியிருப்பவை சுமார் 230 மட்டுமே. மற்றவை எல்லாம் ஆளில்லாத் தீவுகள்.

ஆளில்லாத் தீவைக் காண நாம் கிரேக்கம் வரை போகவேண்டியதில்லை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 120 கிலோமீட்டர் வந்தால் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை அடையலாம். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பாத்தி பாத்தியாக உப்பளங்கள். அவற்றுக்கு அப்பால் கழுவெளி என்னும் பரந்த நீர்நிலை. அந்நீர்நிலை ஓர் ஓடை வழியாகக் கடலைச் சேருமிடம் எடையன்திட்டுக் கழிமுகம்.

இந்தப் பெயரைச் சற்றுக் கவனியுங்கள். ஆற்றிலோ கழியிலோ நீர்மட்டத்துக்கு மேல் தலைநீட்டும் மேட்டு நிலத்தைத் தமிழில் ‘திட்டு’ என்கிறோம். திட்டும் ஒரு தீவுதான், குட்டித் தீவு. சில திட்டுகள் உங்கள் வகுப்பறை அளவுகூட இரா. பல திட்டுகளின் உயரம் முழங்காலைத் தாண்டாது. அவற்றில் கிணறு இல்லை, குடிசை இல்லை, நிழலுக்கு ஒரு மரமும் இல்லை. எனினும் அங்கே குடும்பம் நடத்தும் உயிர்கள் உள்ளன.

இத்திட்டுகள் எவ்வாறு பிறக்கின்றன? உயிர்கள் இவற்றை ஏன் நாடி வருகின்றன? இவை எதுவரை தீவாக நீடிக்கும்? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை காண்போம். மூன்றாவது கேள்வியின் விடை, ஆறாம் வகுப்பு மாணவரும் போடக்கூடிய ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது.

நெருப்பில் பிறந்த தீவும் சேற்றில் பிறந்த திட்டும்

கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவை ஒட்டி நியா கமேனி என்றொரு சிறு தீவு உண்டு. அங்கு எவரும் வசிப்பதில்லை. 1707ஆம் ஆண்டில் கடலுக்கடியிலிருந்து எரிமலைக் குழம்பு பொங்கி மேலெழுந்தது. அது இறுகி உருவானதே அத்தீவு. பின்னரும் பலமுறை பொங்கி அது வளர்ந்தது. கடைசியாகப் பொங்கியது 1950இல். அதாவது நியா கமேனி நெருப்பில் பிறந்த தீவு.

மரக்காணத்துத் திட்டுகள் அப்படிப்பட்டவை அல்ல. அவை சேற்றிலும் மணலிலும் பிறந்தவை.

மழைக்காலத்தில் ஏரிகளும் ஓடைகளும் நிரம்பி வழிந்து கழுவெளியை வந்தடைகின்றன. வரும் நீர் கலங்கலாக இருக்கும். அக்கலங்கலுக்குக் காரணம் களிமண் துகள்கள். அவை கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. ஒவ்வொன்றும் தன் பரப்பில் எதிர் மின்னூட்டம் பெற்றிருக்கும். ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். ஆகவே இத்துகள்கள் ஒன்று சேராமல் நீரில் மிதந்தபடியே இருக்கும்.

இந்த நன்னீர் கழிமுகத்தில் கடல்நீருடன் கலக்கும்போது நிலைமை மாறுகிறது. கடல்நீரில் சோடியம், மக்னீசியம் முதலிய நேர்மின் அயனிகள் ஏராளம். அவை களிமண் துகள்களின் மின்னூட்டத்தைத் தணித்துவிடுகின்றன. விலகி நின்ற துகள்கள் இப்போது ஒட்டிக்கொண்டு சிறு சிறு திரள்களாகி, எடை கூடி அடியில் படிகின்றன. உப்புநீரும் நன்னீரும் சந்திக்குமிடத்தில் சேறு படிவது இதனால்தான்.

மணலின் கதை வேறு. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இது திசை மாறும். இவ்வாறு நகரும் மணல் கழிமுகத்தின் வாயில் குவிந்து மணல்திட்டாகிறது. மழைக்காலத்தில் உள்ளிருந்து பாயும் வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு கடலுக்குள் ஓடும். வெள்ளம் வடிந்தபின் அலை மீண்டும் மணலைக் கொண்டுவந்து சேர்க்கும்.

புதிதாகப் பிறந்த திட்டில் முதலில் குடியேறுவது தாவரமே. மணல்திட்டில் அடப்பங்கொடி படரும். இராவணன் மீசைப் புல் வேரோடும். இவை காற்றில் பறக்கும் மணலைத் தடுத்து நிறுத்தும். சேற்றுத்திட்டில் உமரி முளைக்கும். உமரியின் சதைப்பற்றான இலையைக் கடித்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை அது இலைக்குள்ளேயே சேர்த்து வைத்துச் சமாளிக்கிறது. வெண்கண்டல் மரமோ உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றிவிடுகிறது. வெயிலில் அந்த இலையின்மேல் உப்புப் பொடியைக் காணலாம்.

ஓராண்டில் இரு முகங்கள்

கழுவெளி ஆழமில்லாத நீர்நிலை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே அதன் உயிர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை பெய்தது. அத்தகைய மழையில் கழுவெளி ஒரு நன்னீர்க் கடல்போல் காட்சி தரும். தாழ்ந்த திட்டுகள் யாவும் நீரில் மூழ்கிவிடும்.

சனவரிக்குப் பின் நீர் வடியத் தொடங்கும். ஓதம் ஏறும்போதெல்லாம் கடல்நீர் ஓடை வழியாக உள்ளே வரும். நன்னீர் உவர்நீராகும். சித்திரை, வைகாசியில் ஏரியின் பெரும்பரப்பு வற்றி வெடித்த தரையாகிவிடும். எஞ்சிய நீரில் ஆங்காங்கே திட்டுகள் தலைகாட்டும்.

இவ்விரு முகங்களுக்கும் ஏற்ப விருந்தாளிகளும் மாறுகின்றனர். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து கொசு உள்ளான், பவளக்கால் உள்ளான் போன்ற வலசைப் பறவைகள் வருகின்றன. ஆழமற்ற நீரில் பூநாரைகள் தலைகீழாக அலகை நுழைத்து இரை வடிகட்டும். பங்குனிக்குப் பின் வலசைப் பறவைகள் திரும்பிவிடும். அப்போது இங்கேயே தங்கி இனம்பெருக்கும் பறவைகளின் காலம் தொடங்குகிறது. நெடுங்கால் உள்ளான், உப்புக்கொத்தி, சிறிய ஆலா ஆகியவை அவற்றுள் சில. உப்புக்கொத்தி என்ற பெயரே அப்பறவை வாழும் இடத்தைச் சொல்லிவிடுகிறது, அல்லவா?

கூடில்லாத குடித்தனம்

இப்பறவைகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. திட்டின் தரையில் ஒரு சிறு குழி. அதைச் சுற்றி நாலைந்து கிளிஞ்சல் அல்லது காய்ந்த குச்சி. இதுவே கூடு. முட்டைகள் மணல் நிறத்தில் கரும்புள்ளிகளுடன் இருக்கும். மூன்றடி தூரத்தில் நின்றாலும் அவை நம் கண்ணுக்குப் புலப்படா.

இந்த நிறம் யாரை ஏமாற்றுவதற்காக? மேலே பறக்கும் காகத்தையும் பருந்தையும் ஏமாற்றத்தான். ஆனால் நாய், நரி, கீரி ஆகியவை கண்ணால் மட்டும் தேடுவதில்லை, மோப்பத்தாலும் தேடும். அவற்றிடம் நிறம் பலிக்காது. அவற்றைத் தடுத்து நிறுத்துவது திட்டைச் சூழ்ந்த நீரே. பழங்காலக் கோட்டைகளைச் சுற்றி அகழி வெட்டியது நினைவிருக்கிறதா? திட்டுக்கு அதைச் சூழ்ந்த நீரே அகழி.

ஆகவே பறவைக்குப் பாதுகாப்பு இரண்டு: வானத்துப் பகைவருக்கு முட்டையின் நிறம், தரைப் பகைவருக்குத் தண்ணீர்.

கிரேக்கத் தீவுகளிலும் இதே கதைதான். எலியனோரா வல்லூறு என்னும் பறவையின் பெரும்பகுதி, ஏகியன் கடலின் ஆளில்லாப் பாறைத் தீவுகளில்தான் முட்டையிடுகிறது. ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் சிறு பறவைகளைப் பிடித்துத் தன் குஞ்சுகளுக்கு ஊட்டும். தரைவிலங்குகள் எட்டாத இடம் என்பதே அதற்கும் அத்தீவுகளின் சிறப்பு.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஏகியன் கடல் வற்றுவதில்லை. மரக்காணத்துத் திட்டின் அகழியோ நாள்தோறும் வற்றிக்கொண்டே இருக்கிறது.

அகழியின் கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோடைக்காலத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஒரு நாளில் சுமார் 6 மில்லிமீட்டர் உயரம் நீர் ஆவியாகிறது எனக் கொள்வோம். நெடுங்கால் உள்ளானின் முட்டை பொரிய ஏறத்தாழ 25 நாட்கள் ஆகும். அப்படியானால்,

6 மி.மீ. × 25 நாட்கள் = 150 மி.மீ. = 15 செ.மீ.

முட்டையிட்ட நாளில் அகழியின் ஆழம் 15 செ.மீ. என்றால், குஞ்சு வெளிவரும் நாளில் அகழியே இராது! முட்டையிட்டபோது அது தீவு; பொரிக்கும்போது அது வெறும் மேடு. நாயும் நரியும் கால் நனையாமல் நடந்து வரலாம்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். இந்நிலம் மிகவும் தட்டையானது. 200 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் மட்டுமே சரிவு உள்ள ஓரிடத்தை எண்ணிக்கொள்வோம். அங்கு நீர்மட்டம் 1 செ.மீ. தாழ்ந்தால் கரையோரம் 2 மீட்டர் பின்வாங்கும். 15 செ.மீ. தாழ்ந்தால்? 30 மீட்டர். அதாவது 30 மீட்டர் அகலமுள்ள அகழி ஒரு மாதத்துக்குள் மறைந்துவிடும்.

நீர் குறைந்தால் மட்டுமா ஆபத்து? கூடினாலும் ஆபத்தே. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஓதம் மிகும். அப்போதும், எதிர்பாராத கோடை மழையிலும் தாழ்வான கூடுகள் நனைந்து முட்டைகள் வீணாகும். நெடுங்கால் உள்ளான் இதற்கு ஓர் உபாயம் செய்கிறது. நீர் ஏறுவதைக் கண்டால் குச்சியும் புல்லும் கொண்டுவந்து கூட்டை உயர்த்தும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

வெயிலின் கொடுமை வேறு. நண்பகலில் வெற்றுத் தரை சுடும்போது முட்டைக்குள் உள்ள கரு வெந்துவிடக் கூடும். ஆதலால் தாய்ப்பறவையும் தந்தைப்பறவையும் மாறி மாறி வந்து நிழல் தருகின்றன. நீரில் இறங்கி மார்பு இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின்மேல் அமர்கின்றன. ஈரம் ஆவியாகும்போது முட்டை குளிர்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இதே தத்துவத்தால்தான். ஆகவே அருகில் நீர் இருப்பது காவலுக்கு மட்டுமின்றிக் குளிர்ச்சிக்கும் தேவை.

ஆவியாகும் நீரை மீண்டும் நிரப்புவது யார்? கழிமுகத்துத் திட்டுகளுக்குக் கடலின் ஓதமே அந்த வேலையைச் செய்கிறது. இப்பகுதியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரிதல்ல. ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள்தான். ஆயினும் ஒரு நாளில் இழக்கும் 6 மில்லிமீட்டரை ஈடுகட்ட அது போதும். நிபந்தனை ஒன்றே: கழிமுகத்தின் வாய் திறந்திருக்க வேண்டும்.

உப்பளத்துக்குள் ஒரு தீவு

ஓதம் எட்டாத இடத்திலும் சில திட்டுகள் அகழியோடு நீடிப்பதைக் காணலாம். அவை உப்பளத்துக்குள் இருப்பவை. அங்கே அகழியை நிரப்புவது கடலன்று, மனிதர்.

உப்பு எப்படி விளைகிறது என்பதை அறிந்தால் இது விளங்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதில் முக்கால் பங்குக்கும் மேல் நாம் உண்ணும் சோடியம் குளோரைடு. கடல்நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்குவர். வெயிலில் நீர் ஆவியாகி அடர்த்தி கூடும். பிறகு அடுத்த பாத்திக்கும், அதற்கடுத்த பாத்திக்கும் மாற்றுவர். முதலில் சுண்ணாம்புச் சத்தும், அதன்பின் ஜிப்சமும் படியும். நீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஆவியான பிறகே சோறுண்ணும் உப்பு படிகமாகத் தொடங்கும். பாமே என்னும் அளவுகோலில் கடல்நீர் சுமார் 3 பாகை. உப்புப் படியும் நீர் சுமார் 25 பாகை. கடைசியில் எஞ்சும் கசப்பான மக்னீசிய நீரை வெளியேற்றிவிடுவர்.

ஒவ்வொரு பாத்தியிலும் உப்பின் அளவு வேறு; ஆகவே உயிர்களும் வேறு. முதல் பாத்திகளில் மீனும் இறாலும் வாழும். நடுப் பாத்திகளில் மீன் வாழ முடியாது. உவர்நீர் இறால் எனப்படும் ஆர்ட்டீமியா வாழும். கடைசிப் பாத்திகளின் நீர் சில வேளைகளில் இளஞ்சிவப்பாகத் தோன்றும். டுனாலியெல்லா என்னும் பாசியும் உப்பை விரும்பும் நுண்ணுயிர்களுமே அதற்குக் காரணம். இந்தப் பாசியில் உள்ள காரட்டீன் என்னும் நிறமியே, உணவுச் சங்கிலி வழியாகப் பூநாரையின் இறகுக்கும் சிவப்புத் தருகிறது.

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். முதல் பாத்திகளிலும் நடுப் பாத்திகளிலும் ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்பளத் தொழிலாளர்கள் புதுநீரைப் பாய்ச்சிக்கொண்டே இருக்கவேண்டும். இல்லையேல் உப்பு விளையாது. ஆகவே அப்பாத்திகளில் கோடை முழுவதும் நீர்மட்டம் பெரிதும் மாறுவதில்லை. அவற்றின் நடுவேயுள்ள மண்மேடுகளும், ஆள் நடமாட்டம் குறைந்த உடைந்த வரப்புகளும் கோடையிலும் வற்றாத அகழி சூழ்ந்த தீவுகளாக இருக்கின்றன. கொளுத்தும் வெயிலில், வெறுங்காலில் உப்பு வாரும் தொழிலாளியின் உழைப்பு நம் சோற்றுக்கு உப்பைத் தருகிறது. கூடவே ஒரு பறவைக் குடும்பத்தின் அகழியையும் நிரப்பி வைக்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். ‘யாரும் குடியிருக்காத’ இடம் என்பதற்கு ‘மனிதருக்குத் தொடர்பில்லாத’ இடம் என்று பொருளில்லை.

அகழிக்கு வரும் கேடுகள்

ஆழ்கடல் சூழ்ந்த தீவுக்கும் கேடு வரும். மத்தியதரைக் கடல் தீவுகள் பலவற்றில், மனிதரின் கப்பல்களில் ஒளிந்து சென்ற எலிகள் இறங்கிப் பெருகிவிட்டன. அவை கடற்பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கின்றன. அங்கே அகழியைக் கடக்கப் பாலமாக அமைந்தது கப்பல்.

நம் திட்டுகளுக்கு வரும் கேடுகள் வேறு வகையின. கழிமுகத்தின் வாய் மணலால் அடைபட்டால் ஓதம் உள்ளே வராது, அகழி வற்றும். கரையில் கட்டப்படும் தடுப்புகள் மணலின் ஓட்டத்தை மாற்றினாலும் இவ்வாறு நேரலாம். நீர்வரத்து ஓடைகள் ஆக்கிரமிக்கப்பட்டால் வாயைத் திறக்கும் வெள்ளத்தின் வேகம் குறையும். சீமைக் கருவேலம் பரவினால் திறந்த தரை புதராகும். தரையில் முட்டையிடும் பறவைக்கு அங்கு இடமில்லை. உப்புப் பாத்தியைச் செங்குத்தான கரையுள்ள ஆழமான இறால் குளமாக மாற்றினால், நடந்து இரைதேடும் உள்ளானுக்கு நிற்க இடமில்லாமல் போகும்.

கழிமுகத்தின் வாயை நம்பியிருப்பவை பறவைகள் மட்டுமல்ல. மடவையும் இறாலும் கடலுக்கும் கழிக்கும் இடையே போய்வருபவை. அவற்றை நம்பி மீனவர் வாழ்கின்றனர். முற்கால வணிகமும் இதை நம்பியிருந்தது. கழிமுகத்தை ஒட்டி இன்றும் ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள் நிற்கின்றன. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த அக்கோட்டையை 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றித் தகர்த்தனர். அக்காலத்தில் அது சுறுசுறுப்பான ஒரு துறைமுகம்.

கழுவெளியைக் காக்க முயற்சிகள் நடைபெற்றுள்ளன. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 5,100 ஹெக்டேருக்கும் அதிகமான பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் அது ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 1971இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கையின்படி தயாரிக்கப்படும் உலகப் பட்டியல் அது. ஆனால் அறிவிப்பு அகழியில் நீரை நிரப்பாது. நீரின் வழி திறந்திருந்தால்தான் திட்டு திட்டாக இருக்கும்.

நீங்கள் அப்பக்கம் செல்ல நேர்ந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். சித்திரை முதல் ஆடி வரை திட்டுகளில் இறங்காதீர்கள். நாயை உடன் அழைத்துச் செல்லாதீர்கள். உங்கள் தலைக்கு மேல் ஒரு பறவை கத்திக்கொண்டே வட்டமிட்டால் அதன் கூடு அருகில் உள்ளது என்று பொருள். வந்த வழியே திரும்பிவிடுங்கள். நீங்கள் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன.

செய்து பாருங்கள்

1. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் சம அளவு நீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி களிமண்ணைக் கலக்குங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு தேக்கரண்டி உப்பு சேர்த்து, இரண்டையும் நன்கு கலக்கி வையுங்கள். எது முதலில் தெளிகிறது? கழிமுகத்தில் சேறு படிவதற்கான காரணம் உங்கள் கண்முன்னே தெரியும்.

2. ஒரே அளவுள்ள இரண்டு அகன்ற தட்டுகளில் 2 செ.மீ. உயரம் நீர் ஊற்றுங்கள். ஒன்றில் நன்னீர், மற்றொன்றில் கரையும் மட்டும் உப்புக் கரைத்த நீர். இரண்டையும் வெயிலில் வைத்து, நாள்தோறும் மாலையில் அளவுகோலால் நீரின் உயரத்தை அளந்து எழுதுங்கள். ஒரு நாளில் எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது? எதில் மெதுவாகக் குறைகிறது?

சிந்தியுங்கள்

1. இரண்டாம் சோதனையில் நன்னீர்த் தட்டில் கிடைத்த அளவைக் கொண்டு அகழியின் கணக்கை மீண்டும் போடுங்கள். முட்டையிடும் நாளில் அகழி குறைந்தது எவ்வளவு ஆழம் இருக்கவேண்டும்?

2. பொரித்த சில மணி நேரத்திலேயே உப்புக்கொத்திக் குஞ்சுகள் ஓடத் தொடங்கிவிடும். காகத்தின் குஞ்சுகளோ பல வாரங்கள் கூட்டிலேயே இருக்கும். தரையில் முட்டையிடும் பறவைக்கு இதனால் என்ன நன்மை?

3. உங்கள் ஊர் ஆற்றிலோ ஏரியிலோ திட்டு உண்டா? ஆண்டில் எத்தனை மாதங்கள் அது தீவாக இருக்கிறது? மாதம் ஒருமுறை பார்த்துக் குறித்து வாருங்கள்.